டோர்டிஸுக்கு ஒரு சுவர்

டோர்டிஸுக்கு நான்கு வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போயின. அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. எங்கள் ஊரில் உச்சுக்கொட்டும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். நாக்கை அண்ணத்தில் தட்டி ‘டக்’ என்பாள். அந்தச் சத்தம் எதிலாவது மோதித் திரும்பி வருவதை வைத்தே முன்னால் இருப்பது மரமா, வண்டியா, மனுஷனா என்று சொல்லிவிடுவாள்.

என் கடைக்குள் நுழைந்ததும் ஒரு ‘டக்’. “குன்வோர் அக்கா, உருளைக்கிழங்கு மூட்டையை இடம் மாத்திட்டியா?” என்பாள். மூட்டையை மாற்றி ஒரு வாரமாகியும் என் புருஷன் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குக் கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் வீடு ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்நீரின், அக்கரையில், அருவிக்குப் பக்கத்தில். அங்கே சாலை கிடையாது. ஆடு வளர்த்து, பழுப்புச் சீஸ் காய்ச்சி, தானே துடுப்பு வலித்து என் கடைக்குக் கொண்டுவருவாள். துடுப்பு வலிக்கிறவர்களுக்குப் போகிற திசை முதுகுப்பக்கம். நாங்கள் கழுத்து சுளுக்கத் திரும்பித் திரும்பிப் பார்ப்போம். அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அருவியின் இரைச்சலை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு வலிப்பாள். கரை நெருங்கியதும் தண்ணீர் இறைக்கும் மரக்குவளையால் படகு விளிம்பில் ஓங்கித் தட்டுவாள். எங்கள் கரையில் நின்ற பழைய படகுக்கொட்டகையின் பலகைச் சுவர் அந்தச் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். சுவருக்கு ஒரு பக்கம் படகுத்துறை, மறுபக்கம் பாறை; சத்தம் திரும்பிவரும் திசையையும் வேகத்தையும் வைத்துப் பாறையில் இடிக்காமல் துறைக்கு வந்துவிடுவாள்.

பனி உருகியதும் ஊர் கூடி வேலை செய்கிற நாள் ஒன்று எங்களுக்கு உண்டு. வராதவனை வருஷம் பூராவும் பேசியே கொன்றுவிடுவோம். இந்த வருஷம் அந்தக் கொட்டகையைப் பிரித்தோம். கூரை ஓட்டை, உள்ளே படகும் இல்லை, பார்வையையும் மறைக்கிறது என்றார்கள். நான் எல்லாருக்கும் வாஃபிள் சுட்டேன். மூலைக்கம்பங்கள் மட்டும் மிஞ்சின. பலகைகளை, கோடைத் திருநாளன்று ஊர் கூடிக் கொளுத்தக் கரையில் சேர்த்துவைக்கும் தீக்குவியலில் போட்டுவிட்டு, காப்பியோடு நின்று, “அடடா, என்ன காட்சி!” என்று மெச்சிக்கொண்டோம். டோர்டிஸிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குக் காட்சி திறந்த இடத்தில் அவளுக்குக் கரையே காணாமல் போகும் என்று யார் நினைத்தார்கள்?

மறுநாள் வந்தாள். தட்டினாள், தட்டினாள், எந்தப் பதிலும் இல்லை. கரை இன்னும் தூரம் என்று நம்பி வேகமாக வலித்தாள். பாறையில் மோதி ஒரு துடுப்பு முறிந்தது. நெற்றி கிழிந்தது. சீஸெல்லாம் தண்ணீரில் போயிற்று.

நான் நெற்றிக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் அண்ணன் அஸ்லாக் வந்து குதித்தான்.

“போதும்டி! கோடைத் தீ அன்னிக்கு இழுவண்டி கொண்டாந்து படகை ஏத்திட்டுப் போயிடறேன். நீயும் ஆட்டை வித்துட்டு எங்க வீட்டுக்கு வந்துரு. கண்ணு தெரியாம தண்ணியில என்ன விளையாட்டு?”

“எனக்குக் கண்ணு தெரியாதது முப்பது வருஷமா. மோதினது இன்னிக்குத்தான். நடுவுல என்ன மாறிச்சுன்னு யோசிச்சியா அண்ணே?”

“என்ன மாறிச்சு?”

“என் சுவரைப் பிடுங்கிட்டீங்க.”

அஸ்லாக் எட்டிக் கரையைப் பார்த்தான். படகு போனால் வீடு போச்சு, ஆடு போச்சு, அவள் பிழைப்பே போச்சு. அது அவனுக்கும் தெரியும்.

“அந்தச் சுவரை நான் திரும்ப நிறுத்தறேன்,” என்றாள். “தீ அன்னிக்குத் தனியா வருவேன். எங்கேயாவது இடிச்சேன்னா, படகுக் கயிறை நானே உன் கையில குடுத்துடறேன். சரியா?”

மறுநாள் காலையிலேயே தீக்குவியலில் கைவைத்துவிட்டாள். தடவித் தடவி நீளப் பலகைகளாக உருவினாள். வேலைநாளை நடத்தும் ஹால்டோர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஐயையோ, ஊர்த் தீயைக் கலைக்கிறியே! வீடே இல்லாம வெறும் சுவரா? பாக்கச் சகிக்காதும்மா!”

“அப்ப நீங்க பாக்காதீங்க. நான் பாத்துக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பலகை பிடிக்கப் போனேன். மூலைக்கம்பங்களில் ஆணியடித்தது அவள்தான். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் பின்னால் நடந்துபோய் ஒரு ‘டக்’. “நடுவுல இடைவெளி விட்டுட்ட அக்கா, சத்தம் ஒழுகுது,” என்பாள். பார்த்தால் விரல் நுழைகிற சந்து இருக்கும். கையெல்லாம் சிராய்த்தும் அவள் விடவில்லை.

தீ நாளன்று ஊரே கரையில் கூடியது. அஸ்லாக் சொன்னபடி இழுவண்டியோடு வந்து நின்றான். டோர்டிஸ் படகு பாதி தூரம் வந்திருக்கும், எங்கள் ஆட்களுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “இடது பக்கம்!” “இல்ல, வலது!” “மெதுவாம்மா!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். இதற்கு நடுவில் ஒருவன் அக்கார்டியன் வேறு வாசித்தான். படகு ஒரே இடத்தில் சுற்றியது. அப்புறம் மெல்லப் பாறைப் பக்கம் திரும்பியது.

“எல்லாரும் வாயை மூடுங்க!” என்று அங்கிருந்தே அலறினாள். “அருவி கேக்கலை!”

நான் ஓடிப்போய் அக்கார்டியனைப் பிடுங்கினேன். எல்லாரையும் அடக்கிவிட்டுத் துறை நுனிக்குப் போய் நின்றேன். படகு நேரானது. மரக்குவளை ஒருமுறை தட்டியது. அந்த அமைதியில் எனக்கும் கேட்டது: அவள் தட்டியது ஒன்று, சுவர் திருப்பித் தட்டியது இன்னொன்று. இத்தனை வருஷம் இந்தக் கரையில் கடை வைத்திருந்தும் நான் அதைக் கேட்டதே இல்லை. படகு பாறையைத் தாண்டி, துறையின் மரத்தூணில் மெதுவாக உரசி நின்றது.

அஸ்லாக்குக்குக் கண் கலங்கியிருந்தது. “உசுரே போயிடுச்சுடி எனக்கு,” என்றான்.

அவள் கயிற்றை அவன் பக்கம் வீசினாள். “கட்டறதுக்குத்தான் குடுக்கறேன். இழுத்துட்டுப் போறதுக்கு இல்ல.”

அவன் கட்டினான். அவள் கரையேறி, இழுவண்டி நின்ற பக்கம் திரும்பி ஒரு ‘டக்’ போட்டாள்.

“வண்டி காலியாத்தானே நிக்குது? குளிர்காலக் காத்துக்கு அந்தச் சுவர் தனியா தாங்காது, முட்டுக் குடுக்கணும். குவியல்ல இன்னும் பலகை கிடக்கு. ஏத்து அண்ணே.”

அவன் மறுபேச்சில்லாமல் ஏற்றினான். ஹால்டோரும் ஒரு முனையைப் பிடித்தார். அந்த வருஷம் எங்கள் ஊர்த் தீ முழங்கால் உயரத்துக்குத்தான் எரிந்தது.