மூன்றாவது எழுத்து

நவீத்தின் கம்ப்யூட்டர் கடையில் அக்சா ஒரு புதுக் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று எழுத்துகளை ஒரே நேரத்தில் அழுத்துகிறாள். திரையில் இரண்டுதான் விழுகின்றன. உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்கிறாள்.

"அக்கா, ஒரு நேரத்துல ஒரு எழுத்துதானே அடிப்பாங்க. மூணு இன்னாத்துக்கு?" என்கிறான் நவீத்.

வாசலில் வண்டியை அணைக்காமல் நிற்கும் கணவர் ஜெபராஜுக்கு மானம் போகிறது. வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பதுபோல் கீபோர்டு வாங்குகிற மனைவி, ஆம்பூரிலேயே தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள் என்பது அவர் எண்ணம்.

அக்சா ஷூ கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் அடிப்பவள். ஞாயிறன்று சபையில் ஆர்கன் வாசிப்பவளும் அவள்தான். மழையில் கூரை ஒழுகி, நனைந்த ஆர்கன் ரிப்பேருக்காக வேலூர் போய் இன்னும் திரும்பவில்லை. அவளா விடுவாள்? லேப்டாப்பில் ஆர்கன் சத்தம் தருகிற மென்பொருளை ஏற்றி, எழுத்துகளையே கட்டைகளாக்கி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் வாயில் இப்போது சுரங்களுக்குப் பெயர் "இசட், சி, பி"தான்.

ஜெபராஜ் அதில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய உட்கார்ந்தால், பெயரின் முதல் எழுத்திலேயே லேப்டாப் முழங்கும்.

"இத்த மூடிட்டுப் போகக் கூடாதா?"

"நீங்க பாத்து அடிக்கக் கூடாதா?"

மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் உருக்கமான இடம் வந்தால் விரலை மெத்தென்றுதான் வைப்பாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பாடகர் குழுவை நடத்தும் ஜெபராஜுக்குப் பொறுக்காதது சுருதி. சில எழுத்துகளை மூன்றாகச் சேர்த்தால் கீபோர்டு இரண்டைத்தான் ஏற்கும், மூன்றாவது ஊமையாகிவிடும். அந்தக் கூட்டு வராதபடி அக்சா பாட்டின் சுருதியையே ஏற்றிவிடுவாள். பெண்கள் கிறீச்சிடுவார்கள். ஜெபராஜின் தொண்டை பல்லவியிலேயே உடையும்.

"கொஞ்சம் எக்கிப் பாடுங்க. கீபோர்டு ஒத்துக்கல."

"என் தொண்ட ஒத்துக்கல அக்சா. சும்மா பேஜார் பண்ணாத."

போதகரும் பொறுமை இழந்துவிட்டார். இந்த ஞாயிறும் இப்படியே போனால் செல்போனில் பதிவு இசையைப் போட்டுக்கொள்ளலாம், ஆர்கன் வந்தாலும் இனி அதுவே போதும் என்று சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள் அன்று சாப்பிடவில்லை. அதைப் பார்க்க ஜெபராஜுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நவீத்திடம் வாங்கிய புதுக் கீபோர்டும் பல்லவியின் கூட்டில் மூன்றாவது எழுத்தான "க்யூ"வை விழுங்கியது. சனிக்கிழமை ஒத்திகையில் பழைய கீபோர்டும் லேப்டாப்பில் செருகியபடியே கிடந்தது. பழைய சுருதிக்கே இறக்கிப் பார்த்தார்கள்; பல்லவி மொட்டையாக வந்து விழுந்தது. ஜெபராஜ் கோபத்தில் பழைய கீபோர்டின் ஓரத்தில் ஓங்கி அறைந்தார். அந்த இரைச்சலுக்குள் காணாமல் போன சுரமும் கேட்டது.

அக்சா நிமிர்ந்தாள். "கைய எடுக்காதீங்க. மத்ததெல்லாம் விட்டுட்டு க்யூவ மட்டும் அமுக்குங்க."

புதியதில் இரண்டு எழுத்து, பழையதில் ஒன்று. கூட்டு முழுதாக ஒலித்தது.

"நாளைக்கு அந்த எழுத்து உங்களுது."

"குழுவ யாரு நடத்தறது?"

"ஒரு கை போதாதா? என்னுது ரெண்டும் இங்க இருக்குது."

ஞாயிறு வந்தது. ஜெபராஜ் வலது கையைக் குழுவை நோக்கி உயர்த்தி, இடது கையால் தடவி எழுத்தைத் தேடினார். விரல் பக்கத்து எழுத்தில் இறங்கிவிட்டது. பல்லவி கேட்கச் சகிக்கவில்லை. போதகரின் கை செல்போனுக்குப் போனது. இவள் இடம் நம்மால் போகிறதே என்று ஜெபராஜ் பதறினார்.

சரணம் ஓடிக்கொண்டிருந்தது. அக்சா இடது கையால் வாசித்தபடியே, வலது கையால் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பழைய கீபோர்டில் க்யூவைச் சுற்றியிருந்த எழுத்துகளை நெம்பி நெம்பி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். க்யூ மட்டும் தனியாக நின்றது.

மறுபடியும் பல்லவி வந்தது. ஜெபராஜ் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். மூன்று சுரங்களும் சேர்ந்து எழுந்தன. போதகர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்சா இருவரையும் பார்க்கவில்லை. ஊசியைப் பல்லில் கடித்தபடி, அடுத்த சரணத்தின் முதல் எழுத்தில் விரலை மெத்தென்று வைத்தாள்.