நாலாம் நம்பர் மிஷினுக்கு வந்த ஹால் டிக்கெட்

ஒரகடத்தில் காருக்கு வயர்க்கட்டு தயாரிக்கும் கம்பெனியில் செல்லக்கனிக்குக் கடைசி மேசை. அவளுக்கு முன்னால் இருபத்திரண்டு பேர் கோத்து, சுற்றி, கட்டி அனுப்புவார்கள். அவள் அதைப் பலகையில் மாட்டிக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பாள். எல்லா விளக்கும் எரிந்தால் அவள் எண் பொறித்த முத்திரை. ஒன்று எரியாவிட்டாலும் சிவப்பு டேப்; அதிலும் அவள் எண். பெட்டியைத் திறந்த இடத்தில் சரக்கு இல்லையென்றால் அனுப்பியவர்தான் பதில் சொல்ல வேண்டும். "பெட்டி வந்து சேர்ந்ததே" என்று நழுவ முடியாது. ஐந்து வருடமாக இந்த நியாயத்தில் ஊறியவளிடம்தான் 2012 மே மாதம் ஒரு பல்கலைக்கழகம் "டெலிவர்டு" என்ற ஒற்றைச் சொல்லை நீட்டி, வாயை மூடிக்கொள்ளச் சொன்னது.

சாத்தான்குளத்துப் பக்கத்து ஊர் அவளுக்கு. பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாள். சுங்குவார்சத்திரத்தில் நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்த அறை. ஷிஃப்டுக்கு நடுவே தொலைநிலையில் பி.காம். சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. முந்தைய வருடம் தபாலில் வந்த ஹால் டிக்கெட், காலி செய்த பழைய அறைக்குப் போய், தேர்வு முடிந்த எட்டாம் நாள் கைக்குக் கிடைத்தது. இப்போது மிச்சம் ஒரே பேப்பர், வணிகச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை அதை எழுதாவிட்டால் இதுவரை எழுதியது அத்தனையும் குப்பை.

அந்த வருடம் பல்கலைக்கழகம் தபாலைத் தலைமுழுகியது. இனி எல்லாம் மெயில் என்று ஆளுக்கொரு முகவரி கொடுத்தது. அதைக் கம்ப்யூட்டரில் உள்ள மெயில் புரோகிராமில் எப்படிப் பொருத்துவது என்று ஆங்கிலத்தில் பதினொரு பக்க விளக்கமும் எழுதியது. அதை அனுப்பி வைத்தது எங்கே? அதே மெயிலுக்கு. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டுகிற புத்தி!

பஸ் நிறுத்தத்தில் டீக்கடைக்கு மாடியில் யாக்கோபுவின் பிரவுசிங் சென்டர். அப்போது நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்ட் போகும். இருக்கிற நேரத்திலும் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம் திறக்காது. இரண்டு தடவை செல்லக்கனி காசைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனதைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை.

"யம்மா, சுத்துற வட்டத்தயே பாத்துகினு இருந்தா இன்னா வரும்? பேரு, பாஸ்வேர்டு எழுதிக் குட்த்துட்டுப் போ. நாலாம் நம்பர் மிஷின்ல செட் பண்ணி வுட்டுர்றேன். மெயிலு தானா வந்து வுழும். நான் பிரிண்ட் போட்டு வைக்கிறேன்."

அவளையும் சேர்த்து, அந்தப் படிப்பில் இருந்த பதினேழு பேருக்கும் இதே ஏற்பாடு. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கயிறு, கயிற்றில் துணி உலர்த்தும் கிளிப்புகள், கிளிப்புக்கு ஒரு பெயர். ஷிஃப்டு முடிந்து வருகிறவர்கள் தங்கள் கிளிப்பில் தொங்குவதை உருவிக்கொண்டு போவார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வந்து பார்த்தபோது பதினேழு கிளிப்பும் காலி. நல்ல வேளையாகப் பல்கலைக்கழகத்தின் பக்கம் அன்றைக்குத் திறந்தது. அதில் அவள் மெயில் பெட்டியும் காலி. அங்கேயே நின்று பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள்.

"செவ்வாய்க்கிழமையே டெலிவர்டு மேடம். நீங்க டவுன்லோடும் பண்ணிட்டீங்க."

"நான் கண்ணாலயே பாக்கல சார்."

"பாத்துட்டீங்கன்னு சிஸ்டம் காட்டுதே."

"சிஸ்டமா சார் பரீட்ச எழுதப் போவுது? இன்னொரு தடவ அனுப்புங்க."

"ஒருத்தருக்கு ஒரு தடவதான் போகும். எதுன்னாலும் மெயில் பண்ணுங்க."

போன் வைக்கப்பட்டது. அவள் யாக்கோபு பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, செவ்வாக்கிழம நாலாம் நம்பரத் தொறந்தது யாரு?"

யாக்கோபுவின் முகம் தொங்கிவிட்டது. "நான்தான். காலைல டிங்கு டிங்குனு மணி அடிச்சிகினே இருந்திச்சி. சாயந்தரம் பிரிண்ட் போட்டுக்கலாம்னு வுட்டேன். மத்தியானம் வைரஸு பூந்துடுச்சி. மொத்தமா அழிச்சி ஃபார்மெட் பண்ணிட்டேன். வந்தது ஹால் டிக்கெட்டுன்னு தெரியாதும்மா."

"மிஷின்ல போனா என்ன? பல்கலைக்கழகத்துல இருக்கணும்லா?"

"இங்க இறங்கிட்டா அங்க இருக்காதும்மா. ஒரு காப்பி அங்கயும் இருக்கட்டும்னு சொல்றதுக்கு ஒரு கட்டம் கீது. அதுல டிக்கு போடல."

"ஏம் போடல?"

"அவன் குட்த்த இடம் தம்மாத்தூண்டு. ரொம்பிடுச்சின்னா புச்சா எதுவும் வராது, டிக்கு போடாதன்னு அந்தப் பதினோரு பக்கத்துல அவனே எழுதிக் கீறான்."

"எங்க லைன்ல ஒரு சாம்பிள் எடுத்து வைக்காம ஒரு பெட்டி வெளிய போவாது. பதினேழு பேரு படிப்பு! ஒரு காப்பி இல்லியே!"

"நல்லது பண்லாம்னுதான் கனி…"

"அதான் வயிறு எரியுது. திட்டக்கூட வாய் வரமாட்டேங்கு."

ஆனால் அழுதுகொண்டு அறைக்குப் போகவில்லை. யாக்கோபுவின் போனிலேயே மற்ற பதினாறு பேரையும் கூப்பிட வைத்தாள். மறுநாள் காலை, ஷிஃப்டில் சிக்கியவர்கள் போக, பதினொரு பேர் தேர்வு மையம் இருந்த காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள். யாக்கோபுவும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வரவழைக்கப்பட்டார் என்பதே சரி.

தேர்வு மையப் பொறுப்பாளர் முனிரத்தினம் ஒரு பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"மெயில்ல வரும். பிரிண்ட் எடுத்துகினு நாளைக்கு வாங்க."

"மெயில் அழிஞ்சி போச்சு சார்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? உன் பேரு லிஸ்ட்ல கீதான்னு வேணா பாத்துக்கோ." சீக்கிரம் கழித்துக்கட்டும் அவசரத்தில் மானிட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

திரையில் இருந்தது வெறும் பெயர் அல்ல. அவள் போட்டோ, பதிவு எண், வணிகச் சட்டம், ஞாயிறு காலை பத்து மணி. சாட்சாத் அவளுடைய ஹால் டிக்கெட்.

"சார், இது என்னது?"

"சென்டர் காப்பி. நாளைக்கு உங்கள செக் பண்றதுக்கு."

"அப்பம் எல்லாரோடதும் இங்கதான் இருக்கு?"

"இருக்கும்மா. குடுக்க ஆர்டர் இல்ல. மெயில்லதான் வாங்கணும், ரூலு."

பின்னால் யாக்கோபு, "அடப்பாவி!" என்றார். செல்லக்கனியின் காது மடல் சிவந்தது. முந்தின நாளிலிருந்து அவர்கள் நாய்படாத பாடு பட்டுத் தேடிய தாள், ஒரு பிரிண்டருக்குப் பக்கத்தில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறது. தேடுகிறவர்களைப் பிடித்துச் சோதிக்கத்தான் அந்த நகலாம்!

அவள் குரலை உயர்த்தவில்லை. "பேப்பர் இருக்கு, பிரிண்டர் இருக்கு, நாங்க ஐடி கார்டோட நிக்கோம். ஒரு பட்டன அமுக்க மாட்டேன்னா சரி சார். மாட்டேன்னு ஒரு தாள்ல எழுதி, உங்க பேரும் கையெழுத்தும் போட்டுக் குடுங்க. எங்க லைன்ல ரிஜெக்ட் பண்ணுதவங்க அவங்க நம்பரப் போட்டுத்தான் ரிஜெக்ட் பண்ணணும்."

முனிரத்தினம் பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார். பதினொரு முகங்களையும் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பிரிண்டரை ஆன் செய்தார். வராத ஆறு பேர் மறுநாள் காலை கேட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றும் முனகினார். அதற்கும் அவள் தலையாட்டவில்லை. அவர் அந்த ஆறு பெயரையும் எழுதி வைக்கிறவரை நின்றாள்.

கடைசியாக அவர் ஒரு ரிஜிஸ்டரை நீட்டினார். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு கட்டத்துக்குள் அச்சிட்ட வரி: 'ஹால் டிக்கெட்டை மின்னஞ்சலில் பெற்றுக்கொண்டேன்.'

செல்லக்கனி 'மின்னஞ்சலில்' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தாள். மேலே 'நேரில் வந்து சண்டை போட்டு' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

"இன்னாமா நீ, கட்டத்த பாழ் பண்ணிட்ட!"

"கட்டத்துல இருந்ததுதான் தப்பு சார்," என்றாள் அவள், பேனாவை அடுத்தவளிடம் கொடுத்தபடி.