பாதியில் நின்ற சரணம்

இது நடந்தது. திண்டிவனத்தில், 2009 ஆடி மாதம், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்று எவனாவது வாயைத் திறந்தால் “போடா, வேலையப் பாத்துக்கினு” என்று விரட்டுகிற லாரி டிரைவர் தீனதயாளனுக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அவருடைய மாமனார் அரங்கநாதன் கீர்த்தனை கட்டுகிறவர். எதையும் எழுதி வைக்க மாட்டார். தொடையில் தாளம் தட்டி வரி வரியாகப் பாடிக் காட்டுவார். மகள் தேவகி மனப்பாடம் செய்துகொள்வாள். 1993-இல் அவர் செத்தபோது கடைசிப் பாட்டில் பல்லவியும் அனுபல்லவியும்தான் முடிந்திருந்தன. அதற்குப் பிறகு வரவேண்டிய சரணம் இல்லை.

அந்த அரைகுறைப் பாட்டைப் பதிவு செய்ய விழுப்புரத்திலிருந்து பாட்டு வாத்தியார் பார்த்திபன் வந்தார். தேவகிக்கு இதயம் பலவீனம். மூச்சைப் பிடித்துப் பாடினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“அனுபல்லவியோட நிறுத்திடணும். இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்ன உட மாட்டேன்,” என்றார் தீனதயாளன்.

“சும்மா இருங்க. வாத்தியார உங்க லாரி கிளீனர்னு நெனச்சீங்களா?” என்றாள் தேவகி.

பாடினாள். அனுபல்லவி முடிந்தது. கரண்டு போனது. பார்த்திபனுக்குப் போன் வந்தது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டரை அணைக்காமலே வாசலுக்குப் போனார்.

அப்போது பாட்டு மறுபடியும் எழுந்தது... சரணம்.

‘தேவகி, போதும்’ என்று சொல்லப் பார்த்தார் தீனதயாளன். வார்த்தை வரவில்லை.

ஒரு வரி. இடைவெளி. டப்... தொடையில் தாளம் தட்டும் சத்தம். அடுத்த வரி.

தேவகியின் கைகள் மடியில் கிடந்தன. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொட்டவில்லை.

எழுந்து போய் அவள் வாயைப் பொத்தினார்.

உள்ளங்கையில் உதடு அசையவில்லை.

பாட்டு நிற்கவில்லை...

டப்.

டப்...

முடிந்தது. ஃபேன் சுற்றியது.

இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாரமே பார்த்திபன் போன் செய்தார்.

“சரணம் முழுசா கெடச்சிடுச்சுங்க! கடைசி வரியில பெரியவர் பேரு கூட வருது.”

“அவ பாடக்கூடாதுன்னு சொன்னேனே!”

“அம்மா பாடலீங்க. அது உங்க குரலுங்க.”

தீனதயாளன் போனை வைத்தார். ஒரு பாட்டைக்கூட வாய்க்குள் முணுமுணுத்து அறியாத மனிதர். தேவகி மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்குப் பாடுனது நானா?”

“ஆமா.”

“அப்பவே ஏன் சொல்லல?”

அவள் தலை நிமிரவில்லை.

“அப்பா பாடம் நடத்துறப்ப குறுக்கப் பேசினா அடிப்பாருங்க.”