பரணில் வைத்த மண்

எங்கள் வீட்டில் பொடி எதுவும் ராத்தங்கக் கூடாது. மிச்சமான சிமெண்ட், என்னவென்று தெரியாத பொட்டலம், கொட்டிப்போன கோலப்பொடி எல்லாம் பொழுது சாய்வதற்குள் வாளித் தண்ணீருக்குள் போய்விடும். அது அம்மாவின் சட்டம். "ஒங்க வீட்டுல மஞ்சப்பொடியையும் ஊறப் போட்டுத்தான் வைப்பீகளோ?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேலி செய்வார். அம்மா சிரிக்க மாட்டாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அப்பா அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கினார். வெடிக்குள் போகும் ரசாயனக் கலவையைத்தான் இங்கே மருந்து என்போம். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும். மிஞ்சினால் தண்ணீரில் மூழ்கடித்து, அறைக்குப் பின்னால் இருக்கும் குழியில் ஊற்ற வேண்டும். ஒரு புரட்டாசியில், தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரத்தில், மிஞ்சியதை யாரோ நனைக்காமல் மூடி வைத்துவிட்டார்கள். இரவில் மழைத் தண்ணீர் உள்ளே சொட்டியிருக்கிறது. காய்ந்த மருந்தைவிட அரைகுறையாய் ஈரம் பட்ட மருந்து மோசமானது, தானாகச் சூடேறும். காலையில் கதவைத் திறந்தவர் அப்பா. நான் அப்போது பத்தாம் வகுப்பு.

படிப்பை விடவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கும், அதற்கு மேல் ஆராய்ச்சிக்கும் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பட்டாசு உப்பு ஒன்று இறங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. பல வருடம் அந்த உப்பு ஊறிய மண்ணில்தான் அவை இருக்கும் என்று என் ஆராய்ச்சி நெறியாளர் சொன்னபோது எனக்கு ஒரே ஒரு இடம்தான் நினைவுக்கு வந்தது. கம்பெனி மூடிக் கிடந்தது. வேலிக்காத்தான் முள்ளை விலக்கி, அப்பா ஊற்றிய குழியில் இறங்கி மண் அள்ளினேன். "மண்ணு அள்ளுறதுக்கா இம்புட்டுப் படிச்ச?" என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கேட்டார்.

பாதி மண் ஆய்வகத்துக்குப் போனது. மீதியை நிழலில் உலர்த்திச் சலித்து, ஊறுகாய் பாட்டிலில் அடைத்து, வீட்டுப் பரணில் வைத்தேன். ஈரம் போனாலும் சில உயிர்கள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். ஏதாவது ஆனால் அதிலிருந்து மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். "இது காலேஜ் மண்ணு, தொட்றாத" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

ஆய்வகத்தில், காற்றுப் புகாத புட்டியில், மூன்று மாதம் கழித்துத் தண்ணீர் லேசாகக் கலங்கியது. உப்பின் அளவு குறைந்திருந்தது. அப்பா கை பட்ட குழியில் ஒரு உயிர் இருந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அக்கம்பக்கத்து நாடுகளின் ஆய்வகங்கள் சில சேர்ந்து, அவரவர் மண்ணின் நுண்ணுயிர்களைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் ஒன்றில் எங்கள் துறையும் சேர்ந்தது. ஒரே உயிரை இரண்டு இடத்தில் வைத்தால் ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் ஆய்வாளர் என் குழி மண்ணில் வளர்ந்ததைக் கேட்டார். கணினித் திரையில் வந்து, "எங்கட கிணத்துத் தண்ணியிலயும் உப்பு இருக்கு. அது வேற, தோட்டத்துக்குப் போட்ட உரத்தால வந்தது. உங்கட ஆக்கள் அதையும் தின்பினம் எண்டு நினைக்கிறன். எப்ப வருவினம்?" என்றார். நுண்ணுயிர்களை அவர் 'ஆக்கள்' என்றே சொல்வார்.

"அனுமதி வந்ததும் அனுப்புறேன் அக்கா."

"வரட்டும். அவைக்கு ஃப்ரீசர்ல ஒரு இடம் ஒதுக்கி வச்சிருக்கிறன்."

ஒரு நாட்டு மண்ணின் உயிரைக் கேட்காமல் வெளியே கொண்டுபோக முடியாது. சட்டம் அப்படி. அது சரியான சட்டம்தான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். காத்திருந்தோம்.

அனுமதிக்கு முன்னால் புயல் வந்தது. பல்கலைக்கழகத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் நின்று, உறைபெட்டி உருகி வடிந்தது. திறந்து எடுத்து வளர்த்துப் பார்த்தோம். என் புட்டிகளில் வேறு ஏதேதோ வளர்ந்தன. உப்பைத் தின்பது எதுவும் இல்லை. "குழிக்குத் திரும்பப் போக முடியுமாம்மா?" என்று நெறியாளர் கேட்டார். முடியாது. அந்த இடத்தை யாரோ வாங்கி, லாரி லாரியாகச் சரளை கொட்டி, மேலே குடோன் கட்டிவிட்டார்கள். "வீட்ல பாட்டில் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

பாட்டில் கொல்லைச் சுவரில் தலைகீழாகக் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. அம்மா நன்றாகக் கழுவியிருந்தாள்.

"அம்மா, இதுக்குள்ள இருந்த மண்ணு எங்க?"

"ஓடு ஒழுகுச்சு தாயி. பரண் பூராத் தண்ணி. இறக்கிப் பாத்தா மூடிக்குள்ள ஈரம். சாம்பக் கலரா, மினுமினுன்னு. ட்ரம்முத் தண்ணியில முக்கி எடுத்து ஓடையில ஊத்திட்டேன்."

"காலேஜ் மண்ணுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. திறந்து மோந்து பாத்தேன்." பாட்டிலை நிமிர்த்தி வைத்தாள். "அது மண்ணு இல்ல. ஒங்கப்பா சட்ட வாசம். அம்புட்டும் ஈரமா இருந்துச்சு தாயி. நான் எப்படி வச்சிருப்பேன்?"

மண் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை. அப்போது சொன்னேன். அம்மா அழவில்லை. எழுந்துபோய் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழைத் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓடைக்கரைச் சேற்றை அள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். ஒன்றும் எழவில்லை.

தை மாதம் அனுமதி வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அழைத்து, அனுப்ப எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர், "ஃப்ரீசர்ல அந்த இடத்தில நான் வேற ஒண்டும் வைக்கேல்லை. அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

சென்ற மாதம் எம். புதுப்பட்டியில் இன்னொரு பழைய குழியில் மண் அள்ளி ஒரு டப்பாவில் அடைத்தேன். யார் ஊற்றிய குழி என்று எனக்குத் தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டதால் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னிக்கு ராத்திரி இங்கனதான் இருக்குமா?" என்றாள் அம்மா.

"காலையில எடுத்துட்டுப் போயிருவேன்மா."

"சரி, இருக்கட்டும். நான் தொட மாட்டேன்."

தொடவில்லை. ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சோறு போட்டு வைத்தும் எழவில்லை. ஒரு கை வாளி விளிம்பில் இருந்தது. விடியும்வரை அவள் அப்படியே இருப்பாள் என்று தெரிந்தபின் நான் டப்பாவைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாத்தூருக்குக் கடைசிப் பஸ் இருந்தது.

பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள். "கோவமா தாயி?"

"இல்லம்மா."

ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மடியில வைக்காத. கீழ வையி."

கீழே வைத்தேன். அம்மாவின் கண்ணிலிருந்து பஸ் மறையும்வரை அது கீழேதான் இருந்தது.