கலக்காத பருப்பு

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்பினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. காலையில் கொரட்டூரை விட்டுக் கிளம்பினால் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். குழந்தையை என் ஓரகத்தியிடம் விட்டுப் போவேன். கணவரின் அண்ணன் மனைவி, கீழ்வீட்டில் இருந்தாள். இரண்டு குடும்பத்துக்கும் அவள் சமையல்தான். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்பதால் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"அக்கா, பாப்பா என்ன சாப்டுச்சு?"

"பருப்புதான். கிண்ணம் காலி."

கிண்ணம் தினமும் காலியானது. எடைதான் ஏறவில்லை. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் தராசைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் ஓரகத்தி ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"உன் பால்ல சத்தே இல்லமே. ஆபீசு ஆபீசுன்னு ஓடிகினு கீற, அப்புறம் எங்க ஊறும்?"

என் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. பூண்டை வதக்கித் தின்றேன். சுறாப்புட்டு தின்றேன். என் உடம்பையே சந்தேகப்பட்டேன்.

ஒரு மழை நாளில் எஸ்டேட் முழுக்கத் தண்ணீர் நின்றதால் மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். நனைந்த புடவையோடு நேரே கீழ்வீட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் அப்போதுதான் குக்கரைத் திறந்திருந்தாள். துவரம்பருப்பு குழைந்து அடியில் கிடந்தது, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. கரண்டியால் கலக்காமல் அந்தத் தண்ணீரை மட்டும் மொண்டு என் மகளின் கிண்ணத்தில் ஊற்றினாள். அடியிலிருந்த பருப்பு அத்தனையும் சாம்பாருக்கென்று குக்கரிலேயே தங்கியது.

"அக்கா, பருப்பு எங்கே?"

"இதான் பருப்பு. கெட்டியா குட்த்தா மாந்தம் வந்துடும். எம் புள்ளைங்களும் இத்த குட்ச்சிதான் வளர்ந்துச்சி. செத்தா பூட்ச்சி?"

எனக்கு என் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டுச் சாம்பார் என்ன கெட்டி என்று கம்பெனியில் எல்லாரும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார்கள். பெருமையாக ஊற்றுவேன். என் குழந்தையின் பருப்பை நானும் தின்று ஊருக்கும் வாரிக் கொடுத்திருக்கிறேன்.

கிண்ணத்தைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன். பருப்பை எடுத்து, சோறும் நெய்யும் சேர்த்து மசித்து, மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் முதல் வாயைத் துப்பினாள். அடுத்த வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வீறிட்டு அழுது ஓரகத்தியை நோக்கிக் கைகளை நீட்டினாள். மதியச் சோற்றுக்கு அவள் அறிந்த கை அதுதான். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கிண்ணத்தை ஓரகத்தியிடமே கொடுத்தேன்.

"ஊட்டத் தெரியணும்மே," என்றாள். நான் மசித்த பருப்பை என் மகள் அவள் விரலிலிருந்து வாங்கி விழுங்கினாள். இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள். மாந்தமும் வரவில்லை, மண்ணாங்கட்டியும் வரவில்லை.

அதன்பின் கெட்டிப் பருப்புதான். அடுத்த தடுப்பூசிக்கு ஓரகத்தியும் கூட வந்தாள். எடை நன்றாக ஏறியிருந்தது. யார் ஊட்டுவது என்று டாக்டர் சிரித்தபடி கேட்டார்.

"நான்தான் சார்," என்று என் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.