குதிக்கும் பொத்தான்

அண்ணன் கிணற்றில் விழுந்தபோது எனக்குப் பதினான்கு வயது, அவனுக்கு இருபத்தொன்று. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில் எங்கள் நிலம். அந்தக் கோடையில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மோட்டாரை இன்னும் கீழே இறக்கி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு வழக்கமாக வருகிறவர் வரவில்லை. "நீயே எறங்குடா" என்றார் நைனா. பாதி ஆழத்தில் கயிறு அறுந்தது. அடியில் பாறை.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். உயிர் இருந்தது. கழுத்துக்குக் கீழே இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் அசைந்தன.

மறு வருஷம் குவைத்திலிருந்து மாமா லீவில் வந்தார். ஒரு சின்ன கலர் டிவியும் கம்ப்யூட்டரும் கொண்டுவந்தார். "கேசட்டைப் போட்டா வெளையாட்டு வரும். அவனுக்குப் பொழுது போவும்" என்றார். கம்ப்யூட்டர் என்பது பாடப்புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ரப்பர் பொத்தான்கள். டேப் ரெக்கார்டரை அதோடு இணைத்து ஓடவிட்டால் ஐந்து நிமிஷம் கீச்சென்று கத்தும். அதற்குள் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

மாமா கொடுத்த ஒரே விளையாட்டில், தொப்பி போட்ட ஆள் ஒருவன் சுரங்கத்துக்குள் இறங்கி ஏழு சாவிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். வழியில் வௌவால்கள், உருளும் பாறைகள், குழிகள். அவனுக்கு நான்கு உயிர்.

அண்ணனின் இரண்டு விரல்கள் அந்த ஆளை இடமும் வலமும் நடத்தப் போதும். குதிப்பதற்கு மூன்றாவது விரல் இல்லை. அதனால் குதிக்கும் பொத்தான் என்னுடையது. "இப்போ" என்று அவன் சொன்னதும் அழுத்துவேன். ஒரே ஆளை இரண்டு பேர் நடத்தினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதுதான் வேலை. அவன் சொல்லச் சொல்ல சுரங்கத்தின் அறைகளை நோட்டில் வரைந்து வைத்தேன்.

அந்த ஆள் குழியில் விழும்போது நீளமாக ஒரு விசில் சத்தம் இறங்கிக்கொண்டே போகும். பெட்டியில் சத்தத்தைக் குறைக்க வழியில்லை. ஒருநாள் அம்மா வந்து, "அத நிறுத்துடி. நைனா சோத்துல கைய வெச்சிக்கினு அப்படியே குந்திக்கினு கீறாரு" என்றாள். பழைய புடவையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தோம். அப்போதும் கேட்டது.

தை மாதம் ஒரு சாயங்காலம் முதன்முறையாக ஆறு சாவி கிடைத்துவிட்டது. கடைசி உயிர். என் கூட்டாளிகள் திருவிழாவுக்குக் கிளம்பி, தெருவில் நின்று என்னைக் கூப்பிட்டார்கள். ஜன்னல் பக்கம் திரும்பினேன். "இப்போ" என்றது காதில் விழவில்லை. அந்த ஆள் விழுந்தான்.

"கண்ணு எங்க கீது உனக்கு? ஒரு பொத்தான அமுக்கத் தெரியல" என்று அண்ணன் கத்தினான். அவன் என்னைத் திட்டியது அதுவே முதல் தடவை.

"உன்ன கெணத்துல எறங்கச் சொன்னது நானா? போயி நைனாவக் கேளு" என்றேன்.

நைனா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் அண்ணனுக்கு வாங்கிவந்த மருந்து. அண்ணன் அவரைப் பார்த்து, "சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா நைனா" என்றான். அவர் மருந்தை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் திருவிழாவுக்கும் போகவில்லை, அந்த அறைக்கும் சில நாள் போகவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அறையிலிருந்து கேசட் கத்தும் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். நைனா கால் கழுவிய ஈரத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

"எதுடா குதிக்கிறது?"

"கீழ கீதே, அந்த ஓரத்துப் பொத்தான் நைனா."

மண்வெட்டி பிடித்த கட்டைவிரலால் பொத்தானை நசுக்குகிற மாதிரி அழுத்தினார். ஒவ்வொரு முறையும் பிந்தினார். ஒரு சாவிகூட எடுக்காமல் நான்கு உயிரும் போயின. அண்ணன், "பரவால்ல நைனா, இன்னொரு ஆட்டம்" என்றான். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர்தான் உட்கார்ந்தார். அந்த விசில் சத்தம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார், எழுந்து போகமாட்டார். அண்ணன் அவரை ஒருமுறைகூடத் திட்டவில்லை. அவர்கள் மூன்று சாவிக்கு மேல் தாண்டியதும் இல்லை.

ஐப்பசியில், படுத்தே கிடந்ததில் அண்ணனின் முதுகில் வந்திருந்த புண் சீழ் பிடித்தது. காய்ச்சல் இறங்கவில்லை. மழையில் ரோட்டை வெள்ளம் அறுத்துவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குச் சுற்றிப் போன வண்டியிலேயே, நைனாவின் மடியில் தலை வைத்தபடி இறந்துபோனான்.

நான் சொன்னதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று பலமுறை கட்டில்வரை போயிருக்கிறேன்; ஏதாவது பேசிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். நைனாவும் நானும் கடைசிவரைக்கும் அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. மாமா அடுத்த லீவில் வந்தபோது டிவியையும் பெட்டியையும் அம்மா துணியில் கட்டி அவரிடமே கொடுத்துவிட்டாள். எங்களில் யாரும் தடுக்கவில்லை.