சிப் வாய் திறக்காத இரண்டு நாட்கள்

அலுமாரியைக் கிளறியபோது பழைய சர்க்கியூட் பலகை ஒன்று கையில் அகப்பட்டது. முதலில் இது எதற்கென்றே பிடிபடவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன், கடல்நீர் ஏறும் களப்பின் சேற்று வாடை. பிறகுதான் நஸீர் நானா ஞாபகத்துக்கு வந்தார்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். மதுரங்குளியில் கொம்பியூட்டர் திருத்தும் கடையில் எனக்கு வேலை. கற்பிட்டிப் பக்கம் இறால் குளம் வைத்திருந்த நானா, நீரின் சூட்டைச் சொல்லும் கருவி ஒன்று கேட்டு வந்தார். முந்திய இரண்டு போகமும் நோயில் போய்விட்டன. இந்த முறையும் இறால் செத்தால் குளத்தை விற்பதைத் தவிர வழியில்லை. நான் பெரிய கெட்டிக்காரன் போலத் தலையாட்டிவிட்டேன்.

சின்னக் கொம்பியூட்டர், சூடு அளக்கும் சிப், இரண்டையும் இணைக்கும் ஐ-டூ-சி என்ற இரட்டைக் கம்பி. சிப்புக்கு ஓர் இலக்கம் உண்டு. நிரலில் ஒரு கோப்பைத் திறப்பதுபோலக் கம்பியைத் திறந்து, அந்த இலக்கத்தைக் கூப்பிட்டால் அது சூட்டைச் சொல்லும். கூப்பிட்டேன், பதிலில்லை. சிப்போடு வந்த தாளில் இருந்தது ஓர் இலக்கம், நிரல் கேட்டதோ அதில் பாதி. ஏன் பாதி என்று விளங்காமலே பாதியைப் போட்டேன், பேசிற்று. இன்றைக்கும் யாராவது விளக்கினால் அன்றைக்கு மட்டும் விளங்கும்.

உப்புக் காற்றில் சிப் இடைக்கிடை வாயை மூடிக்கொள்ளும். உடனே திரையில் எண்ணுக்குப் பதில் கோடு விழும். நானாவின் போன் வரும்.

“தம்பி, மிசின் கதைக்குதில்ல. றாலுக்கு என்னவும் ஆகிட்டா?”

அவர் படும் பாடு பொறுக்காமல் நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: பதில் வராவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே காட்டு. கோடு நின்றது, போனும் நின்றது. முன்பு நீரில் கை விட்டுப் பார்த்து, சூடென்றால் புதுநீர் இறைக்கும் பம்பைப் போட்டவர், பிறகு திரையை மட்டுமே பார்த்தார்.

கடும் வெயில் காலமொன்றில் நானா அவசரமாகக் கூப்பிட்டார். போனால், கரையோரமெல்லாம் இறால் செத்து ஒதுங்கிக் கிடந்தது. திரையில் இருபத்தொன்பது பாகை, இறாலுக்கு இதமான சூடு. பெட்டியைத் திறந்தேன், கம்பி முனையெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

“உப்புப் படியுமெண்டு நாந்தான் ஒவ்வொரு நாளும் தொடச்சேன். நம்மட கெணத்து நல்ல தண்ணியாலதான்.”

அந்தக் கிணற்று நீரே உவர், கம்பியை அரித்தது அதுதான். குடித்துப் பழகிய எங்கள் நாக்குக்கு மட்டும் அது தெரியாது. நானும் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் வளர்ந்தவன்தான்.

கடைசிப் பதில் வந்த நேரத்தைத் தேடிப் பார்த்தேன், சிப் இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. இறாலைக் கொன்றது சூடா, பழைய நோயா? அந்த இரண்டு நாட்களைப் பற்றி என்னிடம் எதுவுமே இல்லை.

“மிசின் இருவத்தொம்பது எண்டுதானே சொல்லிச்சு, தம்பி?”

“ஓம் நானா,” என்றேன். அந்த எண்ணைச் சொன்னது மிசின் அல்ல, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமா, பயமா, இன்றுவரை தெரியவில்லை.

குளம் கைமாறி இப்போது உப்பளமாகிவிட்டது. நானாவும் போன வருடம் மௌத்தாகிவிட்டார். தன் கைராசி சரியில்லாததால்தான் இறால் செத்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.